ஊர்வலத்துக்குப் பொறுப்பு

ஆத்தூர்ப் பாலம் தாண்டியதும் ரோட்டில் பூ கிடந்தது. மஞ்சள் செவ்வந்தியும் ரோஜா இதழுமாக நடுரோட்டில் நெடுகக் கிடந்தது. சவ ஊர்வலம் போன வழியில் பூ கிடப்பது அதிசயமா என்ன? ஆம்புலன்ஸ் ஓட்டிவந்த டெரன்ஸ் பல்லைக் கடித்ததோடு சரி, வேறொன்றும் நினைக்கவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகுதான் உறைத்தது. அவனுக்கு முன்னால் தூத்துக்குடி பஸ் ஒன்று இதே பூவின் மேல் ஏறித்தான் போனது. ஆனால் ஒரு பூகூட நசுங்கவில்லை.

வீசுகிறவனுக்கு என்ன, வீசிவிட்டுப் போய்விடுவான். பின்னால் பைக்கில் வருகிறவன் வழுக்கி விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டால் அள்ளிக்கொண்டு ஓடுவது டெரன்ஸ்தான். ஊர்வலம் இடப்பக்கம் ஓரமாகப் போக வேண்டும், மாலையைப் பிய்த்து ரோட்டில் போடக் கூடாது, ஆம்புலன்ஸ் வந்தால் ஒதுங்க வேண்டும், ஏதாவது ஆகிவிட்டால் ஊர்வலத்தைக் கூட்டிப் போகிறவர்தான் பொறுப்பு என்று போலீஸ் சொல்லாத நாளில்லை. யார் கேட்கிறார்கள்? செத்தவருக்கு அவசரமில்லை என்றால் ரோட்டில் போகிற எவனுக்கும் அவசரம் இருக்கக் கூடாதாம்.

இன்றைக்கு அவனுக்கு அவசரம் இருந்தது. வண்டியில் படுத்திருந்தது தங்கை ஷெர்லினின் புருஷன் ஜெஸ்டின். சரக்குத் தோணியில் மாலத்தீவு போய்வருகிற ஆள், கல்லைக் கட்டி அடித்தாலும் அசராத உடம்பு. மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். திருச்செந்தூரில் பார்த்த டாக்டர், இங்கே வைத்துக்கொண்டிருக்க முடியாது, வழியில் எங்கேயும் நிற்காமல் தூத்துக்குடிக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார். கண்ணாடியில் டெரன்ஸ் பார்த்துக்கொண்டே வந்தான். ஜெஸ்டினின் முகத்தில் மாட்டியிருந்த ஆக்சிஜன் மாஸ்க் ஒவ்வொரு மூச்சுக்கும் வெளுத்தது, தெளிந்தது. அது வெளுத்துக்கொண்டிருக்கிறவரை பயமில்லை.

"சவுண்டக் கொஞ்சம் கொறைங்க மச்சான். எனக்கு இப்பமே கோயில்ல துக்க மணி அடிக்க மாரி இருக்கு," என்றான் ஜெஸ்டின், மாஸ்க்கை விலக்கிக்கொண்டு. ஷெர்லின் அவன் கையில் ஒரு அடி போட்டு மாஸ்க்கை மறுபடி மாட்டினாள். டெரன்ஸ் சிரித்தான். ஆனால் சத்தத்தைக் குறைக்கவில்லை. சைரன் அலறினால்தான் அது ஆம்புலன்ஸ், அலறாவிட்டால் வெறும் வெள்ளை வேன், எவனும் ஒதுங்க வேண்டியதில்லை. தொழிலுக்கு வந்த அன்றைக்கே அவனுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது.

பழையகாயல் தாண்டி உப்பளங்களுக்கு நடுவே ரோடு நீட்டமாகக் கிடந்தது. பொழுது அடைகிற நேரம், பாத்திகளில் தண்ணீர் சிவந்துபோய் அசையாமல் நிற்க, கடல் காற்றில் உப்புக் கரிப்போடு இன்னொரு வாசனையும் வந்தது. எரிந்த மெழுகுவர்த்தியும் வாடிய செவ்வந்தியும் ஊதுபத்தியும் கலந்து, ஜன்னலை ஏற்றிய பிறகும் தொண்டைக்குள் போய் ஒட்டிக்கொள்கிற, சவப்பெட்டி வைத்த வீட்டு வாசனை. அப்புறம்தான் கூட்டம் தெரிந்தது. ரோடு முழுக்க அடைத்துக்கொண்டு, வெள்ளை உடுப்பில், முதுகு காட்டி மெதுவாக நடந்துபோனார்கள். பேண்டு செட்டுக்காரர்கள் இரண்டு ஓரத்திலும் டிரம்மைச் சுமந்துகொண்டு போனார்கள். யாரும் அடிக்கவில்லை.

டெரன்ஸ் ஹாரனை அமுக்கிப் பிடித்தான். சைரன் காதைக் கிழித்தது. ஒரு தலைகூடத் திரும்பவில்லை. இத்தனை ஜனம் எந்த ஊர் ஜனம், இந்த உப்பளத்துக்குள் எந்தக் கல்லறைக்குப் போகிறது என்று அவனுக்குப் புரியவில்லை.

கூட்டத்தின் கடைசியிலிருந்து ஒளிரும் பச்சைச் சட்டை போட்ட ஒருவர் வந்து ஜன்னலருகே குனிந்தார். ஊர்வலத்தில் வண்டிகளை ஒதுக்கிவிட நிற்கிற ஆள்போல இருந்தார். உள்ளே உயிருக்குப் போராடுகிற ஆள் இருக்கிறது என்று டெரன்ஸ் கத்தினான். அவர் பொறுமையாகத் தலையாட்டினார்.

"வழி விட்டுருவோம் அண்ணாச்சி. முன்னால குருசு போவுது. மரியாதைக்குச் சத்தத்த மட்டும் நிப்பாட்டுங்க."

குருசு. அந்தக் கடற்கரையில் பிறந்த எவனுக்கும் அந்த ஒரு சொல் போதும். சிலுவையும் பெட்டியும் கடந்துபோகும்போது பைக்கை அணைப்பான், ரேடியோவை அணைப்பான், வாயில் இருக்கிற பீடியை எறிவான், நெற்றியில் சிலுவை வரைவான். யோசிக்கவே மாட்டான். டெரன்ஸும் யோசிக்கவில்லை. கை தானாகப் போய் சைரனை அணைத்தது. இன்னொரு கை நெற்றிக்குப் போனது.

கூட்டம் உடனே இரண்டாகப் பிரிந்தது.

அப்பாடா என்று வண்டியை உள்ளே விட்டான். இரண்டு பக்கமும் வெள்ளை உடுப்புகள் கதவை உரசிக்கொண்டு நின்றன. யாரும் முகத்தைத் தூக்கவில்லை. உள்ளே போகப் போகத்தான் முன்பக்கம் தெரிந்தது. ஒரு ஆள் உயரமான கறுப்புக் குருசைப் பிடித்து நடந்தார். பெட்டி எதுவுமில்லை. குருசுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் ஒரு இடம் காலியாக இருந்தது. ஒரு வேன் நிற்கிற அளவு இடம்.

டெரன்ஸ் பிரேக்கை மிதித்தான். வண்டி நிற்கவில்லை. போய் அந்த இடத்தில் பொருந்தியது. பின்னால் கூட்டம் மூடிக்கொண்டது.

அந்த நேரத்தில்தான் பேண்டு அடித்தது.

சைரன் பொத்தானை அமுக்கினான். குத்தினான். ஹாரனும் ஊமையாகிவிட்டது. பச்சைச் சட்டைக்காரர் ஜன்னலோரமாகவே நடந்து வந்தார். "இனி நீங்கதான் பொறுப்பு அண்ணாச்சி," என்றார். குரலில் ஒரு கோபமும் இல்லை. வண்டி நடை வேகத்தில் உருண்டது. ஆக்சிலேட்டரை மிதித்தாலும் அதே வேகம். கதவைத் தள்ளினால் தோள்கள் முட்டின.

"என்ன மச்சான், ஏன் உருட்டுதிய?" என்று ஜெஸ்டின் கேட்டான். டெரன்ஸ் மறுபடியும் ஆக்சிலேட்டரை மிதித்தான்.

ரோடு பிரிகிற முள்ளக்காடு விலக்கில் ஆட்கள் இருந்தார்கள். உயிருள்ள, தெரிந்த ஆட்கள். டீக்கடைக்காரர் எழுந்து ஷட்டரைப் பாதி இறக்கினார். எதிரே வந்த லாரிகள் ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தன. டிராஃபிக் ஏட்டு சுடலைக்கண்ணு கையை நீட்டி நாலு பக்கமும் வண்டிகளை நிறுத்தினார். டெரன்ஸ் எத்தனையோ தடவை அவரோடு நின்று டீ குடித்திருக்கிறான். கண்ணாடியில் முட்டி முட்டி அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். சுடலைக்கண்ணு இவனை நேராகப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். தலையைக் குனிந்துகொண்டார்.

பானெட்டில் முதல் மாலை விழுந்தது.

ஆஸ்பத்திரிக்கு நேரே போக வேண்டும். குருசு கடல் பக்கம் திரும்பியது. ஸ்டீயரிங் டெரன்ஸின் கைகளை இழுத்துக்கொண்டு திரும்பியது.

பின்னால் அதுவரை முணுமுணுப்பாகக் கேட்டுக்கொண்டிருந்த ஷெர்லினின் ஜெபம் நின்றுபோனது. கண்ணாடியில் பார்த்தான். தலையில் முக்காடு போட்டிருந்தாள். ஜெஸ்டினின் காலைக் கட்டிப் பிடித்திருந்தாள்.

"என்ன உட்டுட்டுப் போயிட்டியளே..."

"ஏளா, அவன் முழிச்சிருக்கான்லா! ஒன்னயத்தான் பாக்கான்!"

அவளுக்குக் கேட்கவில்லை. ஜெஸ்டின் கண் இமைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பயந்த பிள்ளையைப்போல ஸ்டிரெச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டான். மாஸ்க் வெளுத்தது. தெளிந்தது.

வண்டி நின்றது. சிவந்த தேரி மணல்மேடு. கடல் இரைச்சல். பின்கதவு திறந்தது. நிறையக் கைகள்.

அவர்கள் ஜெஸ்டினைத் தூக்கினார்கள். மாஸ்க்கோடு, சிலிண்டரோடு, ஸ்டிரெச்சரோடு. மெதுவாக. மரியாதையாக. ஷெர்லின் மார்பில் அடித்துக்கொண்டு பின்னால் போனாள். டெரன்ஸின் கதவும் இப்போது திறந்தது. கால்கள் அவனைக் கேட்காமல் நடந்தன.

குழி வெட்டி வைத்திருந்தார்கள்.

கயிறு இறங்கியது. கீழே இருட்டில் அந்த மாஸ்க் மட்டும் தெரிந்தது. வெளுத்தது. தெளிந்தது. வெளுத்தது.

"சைரனப் போடுங்க மச்சான்," என்று கீழேயிருந்து குரல் வந்தது. கெஞ்சுகிற குரல்.

பச்சைச் சட்டைக்காரர் டெரன்ஸின் கையை விரித்து ஒரு பிடி மணலை வைத்தார். "பொறுப்புள்ளவுக மொதல்ல போடணும்."

கூட்டம் முழுக்க அவனுக்காகக் காத்து நின்றது. கையை இறுக்கி மூடினான். மற்ற கையாலும் பொத்திப் பிடித்தான். கத்தினான். சத்தம் வரவில்லை. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவனுடைய விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. மணல் இறங்கியது. குழிக்குள் மாஸ்க் இன்னும் வெளுத்துக்கொண்டிருந்தது.