பேட்டரிக்குக் குளிருது

கனடாவின் சஸ்காச்சுவான் சமவெளியில் குளிர்காலம் வந்துவிட்டால் வண்டியின் பேட்டரியும் வீட்டுக்குள்தான் தூங்கும். வெளியே விட்டால் காலையில் வண்டி இருமக்கூடச் செய்யாது. விருந்தாளிகளும் பேட்டரியைத் தூக்கிக்கொண்டுதான் வாசற்படி ஏறுவார்கள். ஹால்யாவுக்குப் பத்து வயதானபோது ஊரே அப்படித்தான் இருந்தது. இன்று நினைத்தாலும் அவளுக்கு ஏக்கமாக இருக்கும்.

அன்று மாலை அம்மாவும் அப்பாவும் கொட்டகையில் பால் கறந்துகொண்டிருந்தார்கள். மேசைமேல் தேனும் மாவும் ஒரு டப்பா சமையல் சோடாவும் காத்திருந்தன. கிறிஸ்துமஸ் தேன் கேக்குக்காக! வருடம் முழுக்க ஹால்யா ஏங்கியது அதற்குத்தான். பாதையைப் பனி மூடியிருந்ததால் இனி கடைக்குப் போகவும் வழியில்லை.

"அக்கா, பேட்டரியத் தூங்க வச்சுட்டேன்!" என்றான் தம்பி மிரோன்.

ஹால்யா திரும்பிப் பார்த்தாள். அடுப்போரம் பேட்டரி பக்கவாட்டில் படுத்திருந்தது. அதன்மேல் ஒரு துண்டு போர்த்தியிருந்தது.

"டேய், ஏண்டா சாய்ச்சே?"

"பேட்டரிக்குக் குளிரும்னு அப்பாதானே சொன்னாரு? உக்காந்துக்கிட்டே எப்படித் தூங்கும்?"

மூடிகளின் வழியே அமிலம் கசிந்து, மிரோனின் வெறுங்காலை நோக்கி ஓடிவந்தது.

"பெஞ்சு மேல ஏறு! கையக் காட்டு!"

கை ஈரமாக இல்லை. இருந்தாலும் வாளியிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றி நன்றாகக் கழுவிவிட்டாள்.

"வினிகர் ஊத்துக்கா! சோப்புக் காய்ச்சுறப்ப காரத்தண்ணி கொட்டிச்சே, அம்மா அதானே ஊத்தினாங்க?"

ஹால்யா வினிகர் புட்டியை எடுத்தேவிட்டாள். சட்டென்று நின்றாள்.

"அது காரம்டா. இது அமிலம். வினிகரும் அமிலம்தான். ரெண்டும் ஒரே கட்சி, சண்டையே போடாது."

பேட்டரி முனையில் அமிலம் பூத்தால் அப்பா எதைப் பூசுவார்? சமையல் சோடா! பூசியதும் நுரை பொங்குமே!

டப்பாவைப் பார்த்தாள்.

"கேக்கு?" என்றான் மிரோன், சின்னக் குரலில்.

ஹால்யா நெடி வெளியேறக் கதவைத் திறந்து வைத்தாள். அம்மாவின் ரப்பர் கையுறையையும் அப்பாவின் பெரிய பூட்ஸையும் மாட்டிக்கொண்டாள். முதலில் அமிலத்தின் ஓரம் முழுக்கச் சோடாவைத் தூவி வேலி கட்டினாள். பிறகு தள்ளி நின்று, நடுவே கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினாள்.

புஸ்ஸ்ஸ்!

"ஐ! பால் பொங்குது!"

"கிட்ட வந்தே, அவ்வளவுதான்!"

நுரை அடங்கியது. மறுபடி தூவினாள். மறுபடி பொங்கியது. கடைசியில் பொங்குவது நின்றபோது டப்பா காலி.

உள்ளே வந்த அப்பா ஒரு நொடி திகைத்தார். கையுறை போட்டுப் பேட்டரியை நிமிர்த்தினார். சோடாச் சேற்றை அள்ளித் தரையை அலசினார். அம்மா காலி டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தாள்.

"முழுசுமா?"

"முழுசும்மா." ஹால்யாவுக்கு அழுகை வந்துவிட்டது.

அம்மா அவளை இறுக்கி அணைத்துக்கொண்டாள். அப்புறம் சோடா இல்லாமலே கேக் சுட்டாள். அது பலகை மாதிரி வந்தது.

"வண்டி கிளம்பலேன்னா இதால ஒரு தட்டுத் தட்டினாப் போதும்," என்றார் அப்பா. எல்லோரும் சிரித்துக்கொண்டே தேநீரில் முக்கித் தின்றார்கள்.

அடுத்த வருடம் கேக் பஞ்சுபோல் உப்பி வந்தது. மிரோன் முகத்தைச் சுளித்தான்.

"இது வேணாம். அக்கா கேக்குதான் வேணும்."

இப்போது மிரோனுக்குத் தலை நரைத்துவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஹால்யா இரண்டு கேக் சுடுகிறாள். ஒன்றில் மட்டும் சோடா போடுவதில்லை.