கொசுறு ஒயர்

ஒயர் மிச்சமாகிக் கிடந்தது. அதுதான் சபரீஷுக்கு முதலில் உறுத்தியது.

இன்னிசைக் குழுக்களில் பேஸ் கிட்டார் வாசித்தே வயிறு வளர்ப்பவன் அவன். எந்த மேடையிலும் ஒயர் மிஞ்சி அவன் கண்டதில்லை. எப்போதும் ஒரு முழம் குறையும். அந்த ஒரு முழத்துக்காக நாலு பேர் ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கி நகர்த்தி இடுப்பைப் பிடித்துக்கொள்வார்கள். இங்கே, வீட்டு ஹாலில் இருக்கும் ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஜன்னல் வழியே இறங்கி, கொல்லையைத் தாண்டி, தறிக்கூடத்தில் வைத்த பெட்டிக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் ஜன்னலடியில் ஒரு கருப்புச் சுருள் சாவகாசமாகப் படுத்திருந்தது.

இத்தனைக்கும் தேவையைவிடக் குறைத்துத்தான் வாங்கியிருந்தான். மிச்சத்தைக் கொசுறில் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்பது துணி வியாபாரி மகனின் கணக்கு. உக்கடத்தில் பழைய சவுண்டு சாமான் விற்கும் அப்துல் நாசர் அவனுக்கு மேலே.

"இந்த வெலைக்குப் புதுசே வாங்கிப்போடுவேனுங்க பாய்."

"அப்பப் புதுசே வாங்கிக்கங்க தம்பி. நான் கையப் புடிச்சா இழுத்தேன்?"

"கோவிச்சுக்காதீங்க. வெலய விடுங்க, கொசுறாவது போடுங்க. அந்தா ஆணியில தொங்குதே கருப்பு ஒயரு, அதக் குடுங்க."

நாசர் திரும்பியே பார்க்கவில்லை. "அது ஆவாதுங்க."

"ஏனுங்க, உள்ள அத்துப்போச்சா?"

"நல்ல ஒயருதான். ரெண்டு பேரு வாங்கிட்டுப் போனாங்க. ரெண்டு பேருமே கொண்டாந்து தொங்கவிட்டுட்டுப் போயிட்டாங்க. காசு கூடக் கேக்கல."

காசைத் திருப்பிக் கேட்காத ஆள், அதுவும் கோயமுத்தூரில்! சரக்குக்கு மவுசு ஏற்றும் பேச்சு என்று சபரீஷ் எடைபோட்டான். கொசுறு இல்லாமல் கடையிறங்கும் பழக்கம் அவன் குடும்பத்தில் கிடையாது. நகராமல் நின்றான். கடைசியில் நாசர் ஒரு குச்சியால் அதை ஆணியிலிருந்து தூக்கிப் பையில் போட்டார். கையால் தொடவில்லை. சபரீஷ் அதையும் பார்த்தான். ஜெயித்த குஷியில் பெரிதாக நினைக்கவில்லை.

போன முறை ஹாலிலேயே பெட்டியை வைத்து வாசித்தபோது, பரணில் பாத்திரமெல்லாம் ஆடுகிறதென்று பக்கத்து வீட்டுச் சாந்தாமணி சண்டைக்கு வந்துவிட்டாள். தறிக்கூடத்தில் போய் வாசிக்கவும் முடியாது. தறிகளைப் பழைய இரும்புக்குப் போட்ட பிறகு தரையெல்லாம் போல்ட்டு முனைகள் துருத்தி நிற்கின்றன. நாலு வயது ரித்திகாவை அங்கே விட முடியாது, மனைவி லோகப்பிரியா வேலையிலிருந்து திரும்பும்வரை தனியாகவும் விட முடியாது. அதனால்தான் இந்த ஏற்பாடு. பெட்டி அங்கே, அவனும் மகளும் இங்கே. இரண்டு ஒயரையும் முறுக்கிச் சேர்த்து, ஈயம் வைத்து, டேப் சுற்றினான்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ரித்திகா தரையில் குப்புறப் படுத்து யானைக்குப் பச்சை வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். சபரீஷ் தடித்த கம்பியைச் சுண்டினான். கொல்லைக்கு அப்பால், பஞ்சுத்தூசியும் பழைய எண்ணெயும் மணக்கும் அந்த வெற்றுக் கூடத்திலிருந்து சுரம் எழுந்து, ஈரமண்ணுக்கு அடியில் ஏதோ பெரிய உடம்பு புரண்டு படுப்பதுபோல வந்து அவன் பாதத்தைத் தொட்டது. நல்ல சத்தம். ஆனால் விரல் கம்பியை விடுவதற்கு ஒரு கணம் முன்னாலேயே வந்ததுபோல் இருந்தது.

மறுபடி சுண்டினான். முன்னாலேயே வந்தது.

விரலை ஓங்கி, சுண்டாமல் நிறுத்தினான். தறிக்கூடம் அதிர்ந்து அடங்கியது. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆகட்டும் பார்க்கலாம் என்று உட்கார்ந்தான். ரித்திகா எழுந்து வந்தாள். "நானு, நானு," என்று சுட்டுவிரலால் தடித்த கம்பியை இழுத்து விட்டாள். கம்பியில் அதே சுரம். பெட்டி பேசாமல் இருந்தது. அது முன்பே சொல்லி முடித்துவிட்டிருந்தது.

அடுத்து, அங்கிருந்து டம்ளர் விழும் சத்தம். தறிக்கூடத்தில் டம்ளர் எதுவும் இல்லை. இங்கே மேசை ஓரத்தில் ஒன்று இருந்தது. பாய்ந்து அதை எடுத்து இறுகப் பிடித்தான். நேரம் போனது. ஒன்றும் ஆகவில்லை. பேரத்தில் ஜெயித்தவனைப் போல அவனுக்குச் சிரிப்புகூட வந்தது. சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. திடுக்கிட்ட கையிலிருந்து டம்ளர் நழுவி, தரையில் உருண்டு, சுழன்று, அடங்கியது. அதே உருளல். அதே சுழற்சி.

"ஏனுங்க," என்றாள் லோகப்பிரியா, "சரவணம்பட்டியில இன்னும் பஸ்ஸே வரலீங்க. பாப்பாவுக்குத் தோச ஊத்திக் குடுத்துருங்க. என்னங்க அது சத்தம்?"

"ஒண்ணுமில்ல. சீக்கிரம் வா."

ஆம்ப்ளிஃபயரை அணைத்தான். பிளக்கைப் பிடுங்கினான். போதவில்லை. கட்டிங் பிளேயரால் ஒயரை வெட்டினான். வெட்டிய முனை வெதுவெதுப்பாக இருந்தது.

"அப்பா, தூக்கம் வருது."

திரும்பினான். ரித்திகா வாய் மூடி யானைக்கு வால் போட்டுக்கொண்டிருந்தாள். குரல் கொல்லைப்பக்கமிருந்து வந்திருந்தது.

கதவைத் தாழிட்டான். ஜன்னலைச் சாத்தினான். மகளை வாரி மடியில் வைத்துக்கொண்டான். வெளியே எங்கோ ஒரு தறி ஓடியது. அது நின்றது. அந்த நிசப்தத்தில் தறிக்கூடம் மீண்டும் பேசியது. இந்த முறை பேசியது அவன் குரல்.

"எந்திரி கண்ணு."

தொண்டை கிழிந்த குரல்.

"கண்ணு, எந்திரி. அப்பனப் பாரு. எந்திரி கண்ணு, எந்திரி..."

அது நிற்கவில்லை. வெகுநேரம் நிற்கவில்லை. பிறகு வார்த்தை போய் வெறும் ஊளையானது. பிறகு அதுவும் ஓய்ந்தது.

முதலில் ஒரு கணம் முந்தியது. அப்புறம் சில நிமிடம். இது எவ்வளவு முந்தியதோ? இன்றைக்கா. நாளைக்கா. எப்போது.

ரித்திகா கண்ணைக் கசக்கினாள். கொட்டாவி விட்டாள்.

"அப்பா, தூக்கம் வருது."

தலை அவன் தோளில் சாய்ந்தது. இமைகள் மூடின. கையிலிருந்த பச்சைப் பென்சில் விழுந்தது. மூச்சு அவன் கழுத்தில் பட்டது. மெல்ல. இன்னும் மெல்ல.

தூங்கவிடக்கூடாது. எழுப்ப வேண்டும். தோளைக் குலுக்கினான். அவள் அசையவில்லை. இன்னும் பலமாகக் குலுக்கினான். தலை துவண்டு மறுபக்கம் சாய்ந்தது. எழுப்ப அவனுக்குத் தெரிந்த சொல், தினம் காலையில் சொல்லும் சொல், ஒன்றே ஒன்றுதான்.

இடது கையால் தன் வாயைப் பொத்தினான். இறுக்கிப் பொத்தினான். உள்ளங்கைக்குள் சூடாக அது வந்து முட்டிக்கொண்டிருந்தது.