டயபர் அறையில் ஒரு பிணம்

டயபர் மாற்றப் போன இடத்தில் பிணம் கிடந்தது.

குழந்தையைப் படுக்க வைக்கும் பலகைக்குக் கீழே, முழங்கால் மடங்கி, தலை சுவரில் சாய்ந்து... கழுத்தில் காதுக்குக் காது ஒரு வெட்டு. ரத்தம் ரயிலின் ஆட்டத்தில் அங்குமிங்கும் அலைந்து கொண்டிருந்தது.

கார் டிரைவர் வாசலிலேயே உறைந்து நின்றான்.

இடது கையில் பதினோரு மாதப் பாப்பா. வலது கையில் இரண்டரை வயதுப் பெரியவன். தோளில் பை. அவனுக்குக் கத்தவும் வழியில்லை. அவன் கத்தினால் பாப்பா கத்துவாள், பாப்பா கத்தினால் பெரியவன் கத்துவான்.

செத்துக் கிடந்தவர் கான்ஸ்டபிள். சீருடை இல்லாமல் டிரைவருக்குக் காவலாக வந்தவர். கால் மணி நேரத்துக்கு முன்னால் பெரியவனுக்கு பிஸ்கட் கொடுத்தவர்.

"அப்பா, மாமா தூங்கறாரா?"

"ஆமாண்டா. சத்தம் போடாத."

"மாமா பெயிண்ட் கொட்டிட்டாரு."

"நீ அங்க பாக்காத. கதவைப் பாரு. கதவுல என்ன படம் போட்டிருக்கு?"

"யானை."

"யானையவே பாத்துட்டு நில்லு."

ஓடிவிடலாம் என்றால் பாப்பா விடவில்லை. மூன்று நாள் காய்ச்சல், அதற்கு மருந்து, அந்த மருந்துக்கு வயிற்றுப்போக்கு. இப்போது முதுகு வரைக்கும் ஏறியிருந்தது. கொலைகாரன் வேண்டுமானால் காத்திருப்பான். பாப்பா காத்திருக்க மாட்டாள்!

பிணத்துக்கு மேலேயே பலகையை விரித்து, பாப்பாவைக் கிடத்தி, வேலையை ஆரம்பித்தான். பாக்கெட்டில் மிச்சமிருந்த, துடைக்கிற வைப்ஸ் எல்லாம் தீர்ந்தது. டயபரைப் பின்பக்கம் முன்னால் வருகிற மாதிரி ஒட்டினான். பிய்த்து மறுபடி ஒட்டினான். பாப்பா அவன் மூக்கைப் பிடித்துச் சிரித்தாள்.

கதவை இழுத்துச் சாத்தினான். செருப்பின் ரத்தத்தைக் கால்மிதியில் தேய்த்துத் துடைத்தான்.

இன்று மதியம் இரண்டு மணிக்கு அவன் கோர்ட்டில் சாட்சிக் கூண்டேற வேண்டும். முதலாளி தன் பார்ட்னரைக் காரின் பின்சீட்டில் வைத்துச் சுட்டபோது, முன்சீட்டில் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தவன் அவன்தான். வீட்டுக்கு வந்து முதலாளி மிரட்டியதைப் பற்றி அவன் மனைவி நேற்றே சாட்சி சொல்லிவிட்டாள். போலீஸ் பாதுகாப்பில் கோர்ட் இருக்கும் ஊரிலேயே இருக்கிறாள். காய்ச்சல் குழந்தையை நேற்று நகர்த்த முடியாததால், இரண்டையும் தூக்கிக்கொண்டு இவன் இன்று கிளம்பியிருந்தான்.

செல்போனை எடுத்துப் பார்த்தான். சிக்னல் இல்லை. வெளியே மலை, அதை விட்டால் சுரங்கம். டிக்கெட் பரிசோதகர் எட்டுப் பெட்டி தள்ளி எங்கேயோ இருந்தார். ரயில் இனி நிற்பது கடைசி ஸ்டேஷனில்தான், இன்னும் ஒரு மணி நேரம்.

கைக்குழந்தைக்காரர்களுக்கென்று ஒதுக்கிய பெட்டி அது. அன்றைக்கு அதில் இன்னும் இரண்டே குடும்பம். ஏறியதிலிருந்து வேறு யாரும் உள்ளே வரவில்லை.

மொட்டைத் தலையோடு ஆறடி ஆள் ஒருவன், கூட நாலு வயது மகன். அந்தப் பக்கம் நீல ஸ்வெட்டர் போட்ட பெண், மடியில் தூங்கும் கைக்குழந்தை.

அறுத்தது இந்த இரண்டு பேரில் ஒருவர்!

இடத்துக்கு வந்து, பாப்பாவை அவளுடைய கூடை சீட்டில் வைத்து பெல்ட் மாட்டினான். பெரியவனை அவள் பக்கத்தில் உட்கார வைத்தான்.

"என்ன சார், சின்னதுக்கு வயித்தால போகுதா?" என்றான் மொட்டை.

"ஆ... ஆமா சார். வைப்ஸ் வேற தீந்து போச்சு."

"இந்தாங்க, பாக்கெட்டோட வெச்சுக்கங்க. நான் எங்க போனாலும் மூணு எடுத்துட்டுத்தான் கிளம்பறது. ஒரு தடவை பஸ்ல பட்டுட்டேன், அப்பத்தான் புத்தி வந்துது."

டிரைவர் அவன் பையை எட்டிப் பார்த்தான். டயபர் அடுக்கு. மாற்றுச் சட்டை நாலு. வாந்திக்குக் காகிதப் பை. காய்ச்சல் சிரப், அதை அளக்கும் மூடி. மொட்டை பேசிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், மகனின் மூக்கைச் சிந்தித் துடைத்தான். பையன் காதில் ஹெட்போன் மாட்டி, செல்போனில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிள்ளை வளர்த்துச் சலித்த கை அது. டிரைவருக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

"அண்ணா." நீல ஸ்வெட்டர் எழுந்து வந்தாள். "ரொம்பத் தவிக்கிறீங்களே. பாப்பாவை நான் கொஞ்ச நேரம் வெச்சுக்கட்டுமா?"

"வேணாம்மா."

"பரவால்ல, குடுங்க."

அவள் தோளில் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கைப்பை தொங்கியது. டிரைவர் அவள் சீட்டைப் பார்த்தான். தூங்கும் குழந்தை. சீட்டுக்கு மேலே ஒன்றுமில்லை. கீழேயும் ஒன்றுமில்லை.

"உங்க குழந்தைக்கு எத்தனை மாசம்?"

"அஞ்சு. ஆறு ஆகப் போகுது."

"பவுடர் பாலா?"

"ஆமா."

"பாட்டில் எங்கம்மா?"

அவள் கைப்பையைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"டயபர் எங்க? மாத்துத் துணி எங்க? அஞ்சு மாசக் குழந்தையத் தூக்கிட்டு நாலு மணி நேரம் ரயில்ல வர்றீங்க. ஒரு கைப்பைதான் இருக்கு."

அவள் முகம் மாறியது. கை சரேலென்று கைப்பைக்குள் போனது. டிரைவரின் கண்ணில் பட்டது... துப்பாக்கியின் கைப்பிடி!

பால் கரைக்க வைத்திருந்த பிளாஸ்க் மூடி திறந்தபடி பக்கத்தில் இருந்தது. யோசிக்கவே இல்லை. கொதிநீரை அப்படியே அவள் முகத்தில் வீசினான்.

அவள் அலறினாள். கைப்பையிலிருந்து துப்பாக்கி எகிறித் தரையில் உருண்டது.

"நான்... நான்..."

அதற்குமேல் அவளைப் பேச விடவில்லை. பிளாஸ்க்காலேயே மணிக்கட்டில் அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. கூந்தலைப் பற்றி, தலையை சீட் கம்பியில் மோதினான். ஒரு முறை... இரண்டு முறை. ஆயுளில் ஒரு பெண்ணைக் கை நீட்டி அடித்திராதவன். பயம் அவனை ஆட்டி வைத்தது. மூன்றாவது மோதலில் ஜன்னல் கண்ணாடியெல்லாம் ரத்தம் தெறித்தது. அவள் சரிந்து விழுந்தாள்.

பாப்பா வீறிட்டாள். பெரியவன் சீட்டுக்கு அடியில் புகுந்துகொண்டான்.

"விடுங்க சார், விடுங்க. போதும்." மொட்டை ஓடி வந்து துப்பாக்கியை எடுத்துக்கொண்டான். "இனிமே நான் பாத்துக்கறேன்."

டிரைவருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "சார், அந்த ரூம்ல ஒரு கான்ஸ்டபிள்... கழுத்தை அறுத்து... இவதான் சார்."

"அப்படியா?"

மொட்டை நிதானமாகக் குனிந்து, அவளுடைய கைப்பையைக் கவிழ்த்தான். சீப்பு விழுந்தது. விலங்கு விழுந்தது. ஒரு அட்டை விழுந்தது. அதை எடுத்து டிரைவரின் முகத்துக்கு நேரே நீட்டினான்.

போலீஸ் அடையாள அட்டை!

"காவலுக்கு ரெண்டு பேர் சார். ஒருத்தன் உங்களுக்குத் தெரிஞ்சவன். இன்னொருத்தர் யாருன்னு உங்களுக்கே தெரியக் கூடாதுன்னு இன்ஸ்பெக்டர் ஏற்பாடு. எனக்கும் தெரியாமத்தான் இருந்துது. இந்தப் பெட்டியா, பக்கத்துப் பெட்டியான்னு காலையிலேர்ந்து மண்டையப் போட்டு உடைச்சுக்கிட்டேன். நல்ல வேளை, நீங்களே கண்டுபிடிச்சு, அடிச்சும் போட்டுட்டீங்க."

டிரைவர் பெரியவன் ஒளிந்திருந்த சீட்டுக்கு முன்னால் போய் நின்றான்.

"எங்கயோ இரவல் வாங்கின குழந்தை. பை கொண்டுவரணும்னு தோணல, பாவம். என்னைப் பாத்தீங்களா? சொந்தப் பிள்ளை, சொந்தப் பை." துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு, காலுறைக்குள்ளிருந்து கத்தியை உருவினான். துடைத்தும் போகாத சிவப்பு அதில் இருந்தது. "இது போதும். சுட்டா என் பையன் பயந்துக்குவான்."

"என்னை என்ன வேணாலும் பண்ணுங்க சார். குழந்தைங்களை விட்டுடுங்க."

"சின்னதை விட்டுடறேன். அதுக்கு என்ன தெரியும்."

"பெரியவன்..."

"நல்லாப் பேசறான் சார். காலையிலேர்ந்து கேட்டுட்டே வர்றேன். யானைங்கறான், பெயிண்ட்டுங்கறான். பேசற குழந்தைய எப்படி விடறது?"

டிரைவரின் பயம் அந்த நொடியில் அறுந்து போனது. உடம்பு முழுக்க வெறுப்பு ஏறியது. இந்த ஆளைக் கொல்ல வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

கத்தி பாய்ந்தது. தடுத்த கையை முழங்கை வரைக்கும் கிழித்தது. இரண்டாவது வீச்சு தோளில் இறங்கி எலும்பில் நின்றது. டிரைவர், மடித்து வைத்திருந்த தன் குழந்தைத் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் மல்லாக்க விழுந்தான். மொட்டை அவன் நெஞ்சில் முழங்காலை ஊன்றினான். கத்தி உயர்ந்தது.

டிரைவர் கத்தவில்லை. மொட்டையின் தோளுக்கு மேலே பார்த்து, சாதாரணக் குரலில் கேட்டான்.

"உங்க பையன் வாயில என்ன?"

மொட்டை திரும்பினான்.

திரும்பாமல் எப்படி இருப்பான்? பித்தான், நாணயம், பேட்டரி... பிள்ளை பெற்றவன் காதில் அந்தக் கேள்வி விழுந்தால் கழுத்து தானாகத் திரும்பும். அரை நொடிதான் திரும்பினான். பையன் வாயில் ஒன்றுமில்லை, கார்ட்டூனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

டிரைவருக்கு அந்த அரை நொடி போதுமாயிருந்தது.

தள்ளுவண்டியை இரண்டு கையாலும் தூக்கி, அதன் இரும்புச் சட்டத்தால் காதோரம் அடித்தான். மொட்டை சாய்ந்தான். எழுந்து நின்று தாடையில் அடித்தான். பற்கள் தரையில் சிதறின. கத்தி பிடித்த விரல்களின் மேல் சக்கரத்தை இறக்கி, நின்று மிதித்தான். விரல்கள் முறியும் வரைக்கும் மிதித்தான். நாலாவது அடிக்கு ஓங்கினான்.

"போதும். விடுங்கண்ணா."

நீல ஸ்வெட்டர்! முகம் வெந்து, ஒரு கண் மூடி, சீட்டைப் பிடித்துத் தள்ளாடி எழுந்திருந்தாள். இடது கையாலேயே விலங்கை எடுத்து, மயங்கிக் கிடந்த மொட்டையை சீட் காலோடு சேர்த்துப் பூட்டினாள். துப்பாக்கியை உருவிக்கொண்டாள்.

"அட்டைய எடுக்கத்தான் பைக்குள்ள கைய விட்டேன். அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றாள்.

"நீங்க முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொல்லக் கூடாதுன்னு உத்தரவு."

"மன்னிச்சுக்கங்க மேடம். கை..."

"கைய அப்புறம் பாத்துக்கலாம். இது எந்திரிச்சு அழுவுது, என்ன பண்றதுன்னு சொல்லுங்க."

"பசி. பால் கலக்கறேன்." வழியும் ரத்தத்தைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, மொட்டையின் பையிலிருந்து வெந்நீரையும் தன் பையிலிருந்து பாட்டிலையும் எடுத்தான். "யார் குழந்தை?"

"எங்க அக்காவோடது. பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போய்ட்டு வர்றேன்னு சொல்லிட்டுத் தூக்கிட்டு வந்தேன். பூங்காவுக்கு எதுக்கு டயபர் மூட்டைன்னு அக்கா கேப்பா இல்ல?"

மொட்டையின் மகன் ஹெட்போனைக் கழற்றினான். "அங்கிள், அப்பா எங்க?"

தன் பெரியவனை அறுக்க வந்தவனின் பிள்ளை. இருந்தாலும் பிள்ளைதானே. டிரைவர் எழுந்து குறுக்கே நின்று மொட்டையை மறைத்துக்கொண்டான்.

"அப்பா கீழ விழுந்துட்டாருப்பா. டாக்டர் வருவாரு. நீ என் கையப் பிடிச்சுக்கோ."

சுரங்கம் தாண்டி சிக்னல் கிடைத்ததும் நீல ஸ்வெட்டர் போன் போட்டுச் சொன்னாள். ஸ்டேஷன் வந்தது. பிளாட்பாரம் முழுக்கப் போலீஸ். ஸ்ட்ரெச்சர்கள் பெட்டிக்குள் ஓடின. மணி பன்னிரண்டரை, கோர்ட்டுக்கு இன்னும் நேரம் இருந்தது.

டிரைவர் இறங்கினான். மார்பில் ஒன்று. தோளில் சாய்ந்து ஒன்று. இரண்டு பக்கமும் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்று.

கூட்டத்தைப் பிளந்து ஓடி வந்த மனைவி, அவன் கையில் கட்டியிருந்த துண்டையும் ரத்தத்தையும் பார்த்து ஓவென்று அழுதாள். பாப்பாவைத் தடவினாள். பெரியவனைத் தடவினாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எண்ணினாள். இன்னொரு தடவை எண்ணினாள்.

"உங்ககிட்ட ரெண்டுதானே விட்டுட்டு வந்தேன்?"

"ஆமா."

"நாலு இருக்கு."

"அஞ்சு வயசு வரைக்கும் ரயில்ல டிக்கெட் கிடையாதுல்ல... சும்மா வர்றதை எதுக்கு விடணும்?"