வீட்டுக்காரர் இருக்காரா?

ரொட்டியில் இரண்டாவது கடி விழுந்திருந்தது.

ஏப்ரலில் துர்குன் ரஷ்யாவுக்கு வேலைக்குக் கிளம்பிய காலையில், வாசலில் நின்று அந்த வட்ட ரொட்டியின் ஓரத்தை ஒரு கடி கடித்துவிட்டுப் போனான். மிச்சத்தை ஹோசியத் நூலில் கோத்துப் பின்சுவர் ஆணியில் மாட்டினாள். போனவன் திரும்பி வந்துதான் அதைத் தின்ன வேண்டும். அதுவரை உஸ்பெகிஸ்தானின் மார்கிலான் ஊரில் பசித்த பிள்ளைகூட அதில் கை வைக்காது. எலியாக இருக்கும் என்று முடிவு செய்தாள். எலி கடித்தால் கீழே தூள் சிதறிக் கிடக்கும். இங்கே தரை சுத்தமாக இருந்தது, கடி அரைவட்டமாக, பல்வரிசை தெரியும்படி இருந்தது. எலிதான் என்று மறுபடியும் சொல்லிக்கொண்டாள்.

அப்போது அவளுடைய கவலையெல்லாம் கேஸ்தான். "நான் வரும்போது பின்பக்க அறை எழும்பியிருக்கணும்" என்று துர்குன் சொல்லிவிட்டுப் போயிருந்தான். எழும்பிவிட்டது. ஆனால் வெளிச்சுவரை ஒட்டி ஓடிய மஞ்சள் கேஸ் குழாய் இப்போது புது அறைக்குள் மாட்டிக்கொண்டது. அறைக்குள் குழாய் இருக்கக் கூடாதாம். செப்டம்பரில் கேஸ் ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து குழாயை அடைத்து ஈய முத்திரை வைத்தார். ஒரே வாரத்தில் மாற்றித் தருவதாகச் சொல்லிப் போனவரை அதன்பின் யாரும் பார்க்கவில்லை. டிசம்பர் வந்துவிட்டது. மகளைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, கோட்டைக் கழற்றாமல், ஈரச் சிமெண்டும் பழைய புகையும் கலந்து நாறும் அந்த வீட்டில் ஹோசியத் தனியாகக் கிடந்தாள். முதலில் கால் விரல்கள் மரத்தன. பிறகு மனசும் மரத்துப்போனது.

அக்டோபரில் முதல்முறை போன் செய்தபோது உண்மையைத்தான் சொன்னாள்.

"வீட்டுக்காரர் இருக்காரா?" என்று கேட்டாள் ஆபீஸ் பெண்.

"ரஷ்யால இருக்காருங்க."

"அப்ப அவர் வந்தப்புறம் கூப்பிடுங்க. அவர் கையெழுத்து இல்லாம குழாயத் தொட மாட்டாங்க."

அடுத்த முறை ஹோசியத் விவரமானாள். "வீட்டுக்காரர் இருக்காரா?" "இருக்காரு." "அப்ப நாளைக்கு ஆள் வரும்." ஆள் வரவில்லை. மறுநாள் காலையில்தான் அந்த இரண்டாவது கடி.

பிறகு திங்கட்கிழமைதோறும் கூப்பிட்டாள். திங்கள்தோறும் அதே கேள்வி, அதே பதில், அதே நாளைக்கு. ஒவ்வொரு முறையும் மறுநாள் ஒரு புதுக் கடி. ரொட்டி நாலில் ஒரு பங்காகச் சுருங்கியது. பக்கத்து வீட்டு ஷரோஃபத் மதிலுக்கு மேல் தலையை நீட்டினாள்.

"நாளைக்குன்னா எந்த வருஷத்து நாளைக்குன்னு கேட்டியாடி?"

"கேக்கல."

"கேட்டாலும் சொல்ல மாட்டானுங்க. ஆமா, உன் வீட்டுக்காரர் வந்துட்டாரா? சொல்லவே இல்லியே! பின்னாடி ரூம்ல இருமல் கேக்குது."

"வரலக்கா. கேஸ் ஆபீஸ்லதான் வந்துட்டாருன்னு சொல்லி வச்சிருக்கேன்."

ஷரோஃபத்தின் முகம் மாறியது. "ஆணியில ரொட்டி தொங்கறப்பவா? வராதவர வந்துட்டாருன்னா வேற எதாச்சும் வந்து உக்காரும்டி. உன் வாய்க்கு வேற பொய்யே கிடைக்கலையா?"

அன்றிலிருந்து ஹோசியத் ஆபீஸுக்குப் போன் செய்யவில்லை. இரண்டு வாரம் ரொட்டி குறையவில்லை. உள்ளங்கை அளவு மிச்சம் அப்படியே தொங்கியது. ஆனால் துர்குனிடமிருந்தும் மூன்று வாரமாகப் போன் இல்லை. அந்தத் துண்டு இருக்கும்வரை அவன் திரும்பி வருவான் என்று மட்டும் நம்பினாள். நம்புவதற்கு வேறொன்றும் இல்லை. பகலில், வெயில் கண்ணாடியில் வெள்ளையாக நிற்கும் நேரத்தில், கதவு சாத்திய புது அறைக்குள் யாரோ காலை மெல்ல இழுத்து வைப்பது கேட்டது. அவள் போய்ப் பார்க்கவில்லை. பயம் வரவேண்டிய நேரம்தான். வரவில்லை.

வாளித் தண்ணீர் உறைந்த நாளில் மகள் கூப்பிட்டாள். "அம்மா, எப்பம்மா கூட்டிட்டுப் போவ?" சீக்கிரம் என்று சொல்லிப் போனை வைத்ததும் மறுபடியும் போன் அடித்தது.

"கேஸ் ஆபீஸ். ஆள் உங்க தெருமுனையில நிக்கிறாரு. வீட்டுக்காரர் இருக்காரா? இல்லேன்னா இனி வசந்தத்துலதான்."

ஹோசியத் ஆணியைப் பார்த்தாள். உள்ளங்கை அளவு ரொட்டி. கால்களைப் பார்த்தாள். அவை யாருடையவோ போல இருந்தன.

"இருக்காரு" என்றாள்.

வந்தவன் இல்யோஸ், சிரித்த முகம். இரண்டு மணி நேரத்தில் குழாயைச் சுவருக்கு வெளியே கொண்டுபோய் வெல்டிங் வைத்து முடித்தான். அவள் முன்கட்டில் மின்சார அடுப்பில் டீ போட்டு எடுத்து வருவதற்குள் முற்றத்தில் பையை மூடிக்கொண்டிருந்தான்.

"கணப்பப் பத்த வச்சாச்சுக்கா. மாமா கையெழுத்தும் போட்டுட்டாரு. யப்பா, கை என்ன ஐஸ் மாதிரி! பேசவே மாட்டேங்கறாரே?"

"யாரு?"

"மாமாதான். வாய் நிறைய எதையோ மென்னுக்கிட்டே இருந்தாரு." டீயை நின்றபடி குடித்துவிட்டுப் போனான்.

அவன் கொடுத்துவிட்டுப் போன காகிதத்தைப் பார்த்தாள். துர்குனின் கையெழுத்தேதான். கடைசி எழுத்தின் வால் வழக்கம்போல இடப்பக்கம் வளைந்திருந்தது. செத்துப்போய்விட்டான், செத்துத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தாள். அழுகை வரவில்லை.

உள்ளே போனாள். பின்சுவர். ஆணி. வெறும் நூல்.

போன் அடித்தது.

"ஹோசியத்! நான்தான். போன் தொலைஞ்சிடுச்சு, இப்பதான் புதுசு வாங்கினேன். ரயில் ஏறிட்டேன், நாலு நாள்ல வீட்டுல இருப்பேன்." துர்குன். உயிரோடு. பின்னால் ரயில் தடதடத்தது, யாரோ டீ கேட்டார்கள். "ரொட்டி பத்திரமா இருக்குல்ல?"

புது அறைக்குள் நாற்காலி கிறீச்சிட்டது. மெல்லும் சத்தம். காய்ந்த ரொட்டி பற்களில் நொறுங்கும் சத்தம். நிதானமாக.

"ஏய், அது என்ன சத்தம்? பக்கத்துல யாரு? வீட்டுல யாராச்சும் இருக்காங்களா?"

மரத்த வாய் தனக்குத் தெரிந்ததைச் சொன்னது.

"இருக்காரு."

மெல்லும் சத்தம் நின்றது. அறைக் கதவு உள்ளிருந்து மெதுவாகத் திறந்தது. மூன்று மாதத்தில் முதல்முறையாகச் சூடு வந்து அவள் காலைத் தொட்டது.