மேலே ஒரு குரல், கீழே ஒரு பிணம்

டிரிங்... டிரிங்... டிரிங்!

நாற்பது மீட்டர் ஆழக் குழியின் அடியில், சுவரில் மாட்டியிருந்த டெலிபோன் அலறியது.

அவள் எடுக்கவில்லை. கை வரவில்லை.

காலடியில் ஒரு பிணம்!

டிரில்லர். பாறையில் துளை போட்டு மாதிரி எடுத்துக் கொடுக்கிற மனிதர். நேற்று மாலை வரைக்கும் அவளை 'மண்ணாங்கட்டி' என்று வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர். இப்போது குப்புறக் கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்திலேயே ரத்தம் பூசிய ஒரு கல்.

விடுமுறை நாள். காலை பதினொரு மணி. மேலே ஓர் ஆள் கிடையாது. பொத்தானை அழுத்தி, இரும்புக் கூண்டில் அவள் தனியாகத்தான் இறங்கி வந்தாள். பிணத்தைப் பார்த்து உறைந்து நின்ற அந்த அரை நிமிடத்தில்...

விர்ர்ர்...

கூண்டு மேலே போய்விட்டது!

அடுத்த நொடி விளக்குகள் அணைந்தன. ஊற்றுத் தண்ணீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டிருந்த பம்ப், ஒரு விக்கலோடு நின்றது. ஹெல்மெட் விளக்கு ஒன்றுதான் மிச்சம்.

டிரிங்!

பாய்ந்து எடுத்தாள்.

"ஹ... ஹலோ!"

"யாரு? மண்ணாங்கட்டியா? நான் சேஃப்டி ஆபீசர் பேசுறேன் தங்கச்சி. நீ எப்படி உள்ள மாட்டினே?"

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கேம்ப்பில் எல்லோரையும் தங்கச்சி, தம்பி என்று உறவு சொல்லிக் கூப்பிடுகிற ஒரே அதிகாரி அவர்தான்.

"சார்... டிரில்லர் அண்ணன் செத்துக் கிடக்கிறாரு! தலையில கல்லு... ரத்தம்... கூண்டு மேல போயிடுச்சு சார்!"

"கரண்ட் கட். மெயின் பாக்ஸையே யாரோ உடைச்சிருக்காங்க. பதறாதே. நான் இருக்கேன்ல? தண்ணி எங்க வரைக்கும் இருக்கு?"

குனிந்து பார்த்தாள்.

"கணுக்கால்... இல்ல சார், அதுக்கும் மேல!"

"ஆளுங்களுக்குச் சொல்லியிருக்கேன். ஒரு மணி நேரத்துல வந்துடுவாங்க."

"ஒரு மணி நேரமா? அதுக்குள்ள நான் மிதந்துடுவேன் சார்!"

"தைரியமா இரும்மா. உன்னை இன்னைக்கு யாரு இறங்கச் சொன்னது?"

"சீஃப். குழியோட படம் வரைஞ்சு வரச் சொல்லியிருந்தாரு."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு.

"நினைச்சேன்!"

சீஃப் என்றால் தலைமை நிலவியலாளர். சிரிப்பு என்பதே தெரியாத மனிதர். போன வருடம் அவள் கல்லூரிக்கு வந்து, புவி அறிவியல் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று பேசியவர். "நிலத்தடி நீர், எண்ணெய், சுரங்கம், நிலச்சரிவு... எங்கே போனாலும் வேலை ஒண்ணுதான். உள்ளே இருக்கிறதை இருக்கிற மாதிரி சொல்றது. அது முடியாதவங்க வேற படிப்பு பாருங்க" என்று மூன்று நிமிடத்தில் முடித்துக்கொண்டு போனவர்.

அந்த மூன்று நிமிடத்துக்காகத்தான் அவள் இந்த அணைத் திட்டத்துக்குப் பயிற்சிக்கு வந்தாள். "டாக்டருக்குப் படிச்சா நாடி பார்க்கலாம். கல்லுக்குப் படிச்சு எதைப் பார்ப்பே?" என்று தாய்மாமன் கேட்டதையும் மீறி!

"சீஃப் மேல எனக்கு ரொம்ப நாளா சந்தேகம்மா" என்றது போன். "காலையிலேயே காரை எடுத்துக்கிட்டுப் பறந்துட்டான். டிரில்லர் உங்கிட்ட ஏதாவது கொடுத்தாரா?"

அவள் கை தானாகப் பையைத் தொட்டது.

கொடுத்திருந்தார். நேற்று மாலை. துளையில் கண்டதை எழுதி, பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ஒரு நோட்டு.

இந்தக் குழியின் அடியில் சுவர் முழுக்க சிமெண்ட் பூச்சு. 'உள்ளே கெட்டிப் பாறை, களிமண் துளியும் கிடையாது' என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுத்தான் பூசியிருந்தார்கள். நேற்று டிரில்லர் அந்தப் பூச்சைத் துளைத்தார். பற்பசை மாதிரி பிதுங்கிக்கொண்டு வந்தது... பச்சைக் களிமண்! அதன் மேல் அணை கட்டினால், நிற்காது. வழுக்கிக்கொண்டு போகும். கீழே இருக்கிற ஊரையும் கூட்டிக்கொண்டு!

"நாளைக்கு இதை சீஃப் கையில நீயே கொடுத்துடும்மா. என்னை அவர்கிட்ட நெருங்க விட மாட்டேங்கிறாங்க" என்றிருந்தார் டிரில்லர்.

"ஒரு நோட்டு கொடுத்தாரு சார்."

"நல்லவேளை! அதுதான் ஆதாரம். நனையக் கூடாது. கயித்துல வாளி இறக்குறேன், அதுல போட்டுடு."

"அந்தக் கயித்துலேயே என்னையும் இழுத்துடுங்க சார்!"

"துணி காயப் போடுற கயிறும்மா. உன்னைத் தாங்காது."

தண்ணீர் முழங்காலைத் தொட்டது. டிரில்லரின் உடல் மெல்ல அசைந்தது... மிதக்க ஆரம்பித்தது!

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"சீக்கிரம்மா! அப்புறம் இன்னொண்ணு. அந்த உருண்டைக் கல்லைத் தொட்டுடாதே. கைரேகை இருக்கும்."

"சரி சார்" என்றாள்.

என்றவள்... கண்ணைத் திறந்தாள்.

உருண்டைக் கல்லா?

நான் 'கல்லு'ன்னுதானே சொன்னேன்?

விளக்கைத் தண்ணீருக்குள் பாய்ச்சினாள். கல் கிடந்தது. வழவழவென்று, உருண்டையாக. ஆற்றில் நூறு நூறு வருடம் உருண்ட கல்! வெடி வைத்துப் பிளந்த குழியில் கிடைக்கிற ஒவ்வொரு கல்லும் கத்தி மாதிரி கூராகத்தான் இருக்கும். முதல் வருடப் பாடம். இது மேலேயிருந்து ஓர் ஆள் கையோடு வந்த கல்.

அது உருண்டை என்று தெரிந்த ஆள் உலகத்தில் ஒருத்தன்தான்!

'கெட்டிப் பாறை' சான்றிதழில் கையெழுத்துப் போட்டவனும் அவன்தான்!

தொம்!

வாளி வந்து தண்ணீரில் விழுந்தது.

"போட்டுட்டியா?"

நோட்டு மேலே போனால், அப்புறம் அவள் எதற்கு? தண்ணீர் தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். 'பம்ப் நின்றதால் இருவர் பலி.' ஒரு மாலை, ஒரு இரங்கல் கூட்டம்!

"இருங்க சார்... பை முடிச்சு அவிழ மாட்டேங்குது..."

ரிசீவரைத் தொங்கவிட்டாள். இடுப்பிலிருந்த சுத்தியலை உருவினாள்.

மலைமேல் அவள் வகுப்புத் தோழி இருக்கிறாள். சத்தமாகப் பேசுவதால் 'பூகம்பம்' என்று பெயர். படித்ததும் அதேதான். டிரில் சத்தம் இல்லாத நாள் பார்த்து, தரையில் கருவிகளைப் புதைத்து, மலைக்குள் கேட்கிற சின்னச் சின்ன அதிர்வை எல்லாம் பதிவு செய்கிறாள்.

இன்றைக்குச் செய்கிறாளா? தெரியாது!

டங்! டங்! டங்!

சுவரில் மூன்று தட்டு. இடைவெளி. மறுபடி மூன்று.

ரிசீவர் கத்தியது. எடுத்தாள்.

"என்ன சத்தம்?"

"கல்லு விழுது சார்! பயமா இருக்கு!"

"நோட்டை போடுடி!"

தங்கச்சி காணாமல் போய்விட்டாள்!

தண்ணீர் இடுப்பில். அவள் பையைத் திறந்தாள். பிளாஸ்டிக் உறையைப் பிரித்து உள்ளிருந்ததை ஹெல்மெட்டுக்குள் செருகிவிட்டு, வேறொன்றைச் சுற்றினாள். வாளியில் வைத்தாள்.

வாளி ஏறியது. அவள் தட்டினாள். டங்! டங்! டங்! கை மரத்தது. மறு கையால் தட்டினாள். தண்ணீர் மார்பில்.

"ஏய்!" ரிசீவர் வெடித்தது. "என்னடி இது?"

"என் ரெகார்ட் நோட்டு சார். முதல் செமஸ்டர். படம் எல்லாம் சுமாராத்தான் இருக்கும்."

"விளையாடுறியா? செத்துடுவே! அந்த டிரில்லர் மாதிரியே..."

சட்டென்று குரல் நின்றது. ஏதோ உருளும் சத்தம். அப்புறம் நிசப்தம்.

கழுத்து வரை தண்ணீர். பல் கிடுகிடுத்தது. அம்மா முகம் ஒரு தடவை வந்து போனது.

திடீரென்று விளக்குகள் எரிந்தன!

விர்ர்ர்...

கூண்டு இறங்கி வந்தது. உள்ளே ஓர் உருவம். அவள் சுத்தியலை ஓங்கினாள்.

"அதை இறக்கு. எனக்கு இருக்கிறது ஒரு மண்டைதான்."

சீஃப்!

சிரிக்காத அதே முகம். கையை நீட்டி அவளைத் தூக்கிப் போட்டார்.

"காலையிலேர்ந்து உன் ஃப்ரண்டோடதான் மலைமேல உட்கார்ந்திருக்கேன். திரையில மூணு மூணா கோடு. 'பூமி இவ்வளவு ஒழுங்கா தட்டாது சார், இது எங்க மண்ணாங்கட்டி'ன்னு அவ போட்ட கத்தல்ல கருவியே ஆடிடுச்சு. வர்ற வழியில செக்போஸ்ட்ல இருந்த போலீஸையும் அள்ளிப் போட்டுக்கிட்டு வந்தோம். மெயின் உடையவே இல்லை, சுவிட்சைத்தான் அணைச்சு வச்சிருந்தான்."

மேலே...

பூகம்பம் ஓடிவந்து கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். இன்ஸ்பெக்டரிடம் அவள் உருண்டைக் கல்லைப் பற்றிச் சொல்லி முடித்தாள். பக்கத்தில் சேஃப்டி ஆபீசர். கையில் ரெகார்ட் நோட்டு. முகத்தில் அதே பழைய பாசம்!

"பொண்ணு பயத்துல உளறுது இன்ஸ்பெக்டர். போன்ல நான் கல்லுன்னுதான் சொன்னேன். மெயினை அணைச்சது யாரோ. நான் காப்பாத்தத்தானே வாளி இறக்கினேன்? ஒரு மாசமா நான் அந்தக் குழியில காலே வைக்கலை!"

இன்ஸ்பெக்டர் தாடையைத் தடவினார்.

"இவரு பேச்சு, உன் பேச்சு. சாட்சி யாரும்மா?"

அவள் சொட்டச் சொட்ட நடந்து வந்தாள். சேஃப்டி ஆபீசர் காலடியில் உட்கார்ந்தாள். பூட்ஸ் இடுக்கில் நகத்தை விட்டுச் சுரண்டி, விரலை வெளிச்சத்தில் காட்டினாள்.

பச்சை!

"இங்கே மேல எங்கே பார்த்தாலும் செம்மண்தான் இன்ஸ்பெக்டர். இது நேத்து சாயந்திரம்தான் கீழே முதல் தடவையா வெளிய வந்த களிமண். இன்னும் காயக்கூட இல்லை. குழியில காலே வைக்காதவர் பூட்ஸுக்கு எப்படி வந்துச்சு?"

"அது... களிமண்ணே இல்லை!"

"அப்படித்தானே சார் நீங்க சர்டிஃபிகேட்டும் கொடுத்திருக்கீங்க!"

சேஃப்டி ஆபீசரின் கையிலிருந்த ரெகார்ட் நோட்டு நழுவியது. சீஃப் அதை எடுத்துப் புரட்டினார்.

"படம் சுமார்தான்" என்றார். அவள் ஹெல்மெட்டிலிருந்து டிரில்லரின் நோட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

விலங்கு 'க்ளிக்' என்றது.

"வாங்க சேஃப்டி ஆபீசர் சார்!" என்றார் இன்ஸ்பெக்டர். "எங்ககிட்ட ரொம்ப சேஃப்டியான ரூம் ஒண்ணு காலியா இருக்கு. சுவர் கெட்டியான்னு நீங்களே தட்டிப் பார்த்து ஒரு சர்டிஃபிகேட் கொடுங்க... அவசரமே இல்லை, பதினாலு வருஷம் டைம் இருக்கு!"