முகப்பில் வந்த திமிங்கிலம்

ஆக்லாந்து போகும் பயணிகள் கப்பல் ஃபிஜியின் சுவா துறைமுகத்தில் வந்து நின்றபோது, அதன் முகப்பில் ஒரு பெண் திமிங்கிலம் குறுக்கே செத்துக் கிடந்தது. நடுக்கடலில் எங்கேயோ மோதியிருக்கிறார்கள். மோதியதே தெரியவில்லை என்றான் கேப்டன்.

பாஸ்கரனுக்கு எரிச்சல் தலைக்கேறியது. எண்பத்தேழாம் வருஷம். ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து விமானத்தில் இடம் கிடைப்பதில்லை. பக்கத்து ஊர் லாமியில், வீட்டில் அவன் மனைவி கிரிஜா பெட்டிகளைக் கட்டிவைத்துவிட்டுத் தூக்கமில்லாமல் கிடக்கிறாள். நியூசிலாந்து விசாவோ அந்த வாரத்தோடு முடிகிறது. துறைமுக என்ஜினீயர் வேலையை விட்டுவிட்டு அன்று இதே கப்பலில் ஏற வேண்டியவன். அன்றைக்கென்று பார்த்து இந்தச் சனியன் வந்து மாட்ட வேண்டும்!

சுமைக்காரர்களின் தலைவன் செரு அவன் முன்னால் மண்டியிட்டு, ஒரு திமிங்கிலப் பல்லை இரண்டு கையாலும் நீட்டினான்.

"பாஸ், அவளைக் கரைக்கு இழுத்துப் புதைக்கணும். அதுவரைக்கும் கப்பல் கிளம்பக் கூடாது."

அந்த ஊரில் பல்லை வாங்கிக்கொண்டால் கேட்டதற்குச் சம்மதம் என்று அர்த்தம். பாஸ்கரனுக்கு அது நன்றாகவே தெரியும். மறுத்தால் பேச்சு வளரும் என்று, "சரி, சரி" என வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டான். ஆட்கள் கயிறு எடுக்கப் போனதும் கேப்டனிடம் சொல்லிக் கப்பலைப் பின்னுக்கு எடுக்க வைத்தான். உடல் வழுக்கி விழுந்து மூழ்கியது.

கப்பல் கிளம்பியதும் கிரிஜாவோடு மேல்தளத்தில் நின்றபோது, செரு கயிறும் கையுமாகக் கரையில் நிற்பது தெரிந்தது. பாஸ்கரன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

வழி நெடுக அழுகல் வாடை. கேபின் சுவருக்கு வெளியே நீளமாக ஒரு முனகல் கேட்கும், நிற்கும், மறுபடி கேட்கும்.

"என்னங்க, இன்னொரு சத்தமும் கேக்குது. சின்னதா. குட்டி மாதிரி. பின்னாடியே வருது."

"என்ஜின் சத்தம். பேசாம படு."

ஆக்லாந்து காலை வெயிலில் தெரிந்தது. விசாவுக்கு அதுதான் கெடு நாள். கரையில் கிரிஜாவின் அண்ணன் காத்திருந்தார். அப்பாடா என்று பாஸ்கரன் பெட்டியைத் தூக்கினான்.

கப்பல் நின்றுவிட்டது.

எதிரே வந்த படகிலிருந்து துறைமுகக்காரன் ஒருவன் ஒலிபெருக்கியில் கத்தினான். "முகப்பில் திமிங்கிலத்தோடு உள்ளே வராதீர்கள்!"

பாஸ்கரன் எட்டிப் பார்த்தான். கேப்டனும் பார்த்தான். தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை.

"இல்லாததை எங்கே போய் எடுக்கிறது? எங்களை இறங்க விடுங்கள்!" பாஸ்கரன் தொண்டை கிழியக் கத்தினான். அழுகையே வந்துவிட்டது அவனுக்கு.

கரையில் இருந்த அத்தனை பேரும் முகப்பையே கை காட்டினார்கள். அண்ணனும்தான்.

ஒலிபெருக்கிக்காரனின் குரல் இறங்கியது.

"உயிரோடு இருக்கிறது. கண்ணைத் திறந்து உன்னைத்தான் பார்க்கிறது."

கிரிஜா அவன் கையை விட்டுவிட்டு நகர்ந்து நின்றாள்.

சுக்கானை யாரும் தொடவில்லை. கப்பல் மெல்ல வடக்கே, ஃபிஜி பக்கமாகத் திரும்பியது. கரையில் அண்ணன் சிறிதாகிக்கொண்டே போனார்.