தெற்குச் சுவரின் தாழ்ந்த சன்னல்

காரை விட்டு இறங்கியதும் அனந்தகிருஷ்ணன் முதலில் செய்தது, கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டதுதான். செகந்திராபாத் திருமுல்கேரியில் ராணுவக் குடியிருப்புகளைத் தாண்டி, கருங்கல் பாறைகளுக்கு நடுவே ஒரு பொட்டல். கல்யாண ஜோடிகள் போட்டோ எடுத்துக்கொள்வதற்காக ஸ்ரீனிவாஸ் அங்கே செட்டு போட்டு வாடகைக்கு விடுகிறான். ஒரு பக்கம் அட்டையில் ஜெய்ப்பூர் அரண்மனை, இன்னொரு பக்கம் லண்டன் டெலிபோன் பெட்டி, நடுவில் தண்ணீரே வராத நீரூற்று. கோடியில் ஒரு பெரிய பாறையை ஒட்டி நின்ற செங்கல் தேவாலயம் மட்டும் அவர் வரைந்தது. அதனால் அதில் குறை கிடையாது.

அனந்தகிருஷ்ணன் ஐதராபாத் ஹப்சிகுடாவில் பெயர் பெற்ற ஆர்க்கிடெக்ட். இளமையில் கொஞ்ச காலம் நெதர்லாந்தில் படித்ததை வைத்துக்கொண்டு வாழ்நாளெல்லாம் ஊரை மட்டம் தட்டியவர். மேஸ்திரி முட்டாள், முனிசிபாலிட்டி முட்டாள், பக்கத்து வீட்டுக்காரன் பரம முட்டாள். அவர் மட்டமாக நினைக்காத ஒரே ஜீவன் மகள் ரக்ஷிதா. தாயில்லாத பெண். அவள்தான் காலையில் தெளிவாகச் சொல்லியிருந்தாள்.

"டாடி, நீங்க பேசினதுல ரஞ்சன் வீட்ல எல்லாரும் ஹர்ட் ஆயிருக்காங்க. இன்னிக்கு ஒரு நாள் மனுஷங்கள மனுஷங்களா நடத்துங்க. இல்லேன்னா என் கல்யாணத்துக்கே வராதீங்க. ஐ மீன் இட்."

சொன்னால் செய்கிறவள். கல்யாணம் அடுத்த மாதம். இன்று அந்தத் தேவாலயத்தில் முதல் படமே அவளும் மாப்பிள்ளை ரஞ்சனும் எடுத்துக்கொள்ளப் போகிறார்கள். எனவே அனந்தகிருஷ்ணன் முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு நடந்தார். கைக்குழந்தை பார்த்தால் வீறிட்டு அழும் அந்தச் சிரிப்பு.

"வாங்க சார்," என்றான் ஸ்ரீனிவாஸ். தாத்தா காலத்திலேயே செகந்திராபாத்தில் குடியேறிய குடும்பம். "சர்ச் நல்லா வந்திருக்கு. ஆனா வெளிநாட்டு சர்ச்சுன்னா கோபுரம் ஆகாசத்த இடிக்கணும்ல? இது கோடவுன் மாதிரி இருக்கே, கைக்கு? ஏன் சார் இப்படி?"

அவருக்குச் சுருக்கென்றது. விழுங்கிக்கொண்டு விளக்கினார். நெதர்லாந்தின் வட கோடியில் தொடங்கி ஜெர்மனி எல்லை தாண்டியும் கடலோரமெல்லாம் கல் கிடைக்காத சேற்று மண். வெள்ளத்துக்குப் பயந்து மேடு குவித்து, களிமண்ணைச் சுட்டுச் செங்கல்லாக்கி இப்படித்தான் கட்டினார்கள். சுவரெல்லாம் புனிதர்களை வரைந்தார்கள். பிறகு புராட்டஸ்டண்டு சீர்திருத்தம் வந்ததும் அத்தனை முகங்களுக்கும் சுண்ணாம்பு அடித்தார்கள்.

"அப்ப இந்தப் பொந்து?"

தெற்குச் சுவரில், முழங்கால் உயரத்தில், கை நுழையும் அளவுக்கு ஒரு சிறு சன்னல்.

"தொழுநோய்க்காரங்களுக்குன்னு சொல்லுவாங்க. உள்ள விடமாட்டாங்க. வெளியே சேத்துல குனிஞ்சு நின்னு இது வழியா பூசை பாக்கணும். பாதிரியார் அப்பத்த இதுல நீட்டுவாராம். அப்புறம் செங்கல் வெச்சு அடைச்சுட்டாங்க. நல்ல காரியம்."

"ஆனா நம்ம சர்ச்சுல வெளியே பாறைதானே சார்? யார் வந்து பாப்பா?"

"உனக்கெல்லாம் அது புரியாது," என்றவர், பக்கத்தில் நின்ற ரக்ஷிதா முறைப்பதைப் பார்த்து இருமினார்.

உள்ளே ரஞ்சன் கோட்டுக்குள் வெந்துகொண்டிருந்தான். நடுப்பகல். தகரக் கூரை கொதித்தது. மூலையில் இர்பான் மேஸ்திரி கடைசிப் பூச்சுக்குச் சிமெண்டு குழைத்துக்கொண்டிருந்தான். வெள்ளை கவுன் போட்ட ரக்ஷிதா தேநீரைக் குடித்துவிட்டு, பாதி உஸ்மானியா பிஸ்கட்டும் கையுமாகத் தெற்குச் சுவரோரம் மண்டியிட்டு அமர்ந்தாள். விளக்குகள் எரிந்தன.

அப்போது அந்த வாடை வந்தது. உப்பு. நனைந்த கம்பளி. அழுகிய பாசி. ஐதராபாத்தில் ஏது கடல்?

ரக்ஷிதாவின் சிரிப்பு அப்படியே நின்றது.

"டாடி... அங்க யாரோ இருக்காங்க."

"பாறை இருக்கும்மா."

"கண்ணு இருக்கு. எதுவும் கேக்கல. சும்மா பாக்குறாங்க."

அவள் பாதி பிஸ்கட்டைப் பொந்துக்குள் நீட்டினாள்.

காலையிலிருந்து அடக்கிவைத்தது அத்தனையும் அவருக்குப் பொங்கிவிட்டது. தான் கட்டியதில், தன் மகள், கண்ட பிசாசுக்குப் பிச்சை போடுவதா? அவள் கையைத் தட்டிவிட்டார். பிஸ்கட் தரையில் உருண்டது.

"வெளியே நிக்கிறவங்க வெளியேதான் நிக்கணும்!"

ரக்ஷிதாவின் கண்கள் நிறைந்தன. அதைப் பார்த்ததும் அவருக்குக் காரியம் கெட்டுவிட்டது, கல்யாண மேடையில் தனக்கு இடமில்லை என்று புரிந்தது.

"சரிம்மா, சரி. இதோ பாரு, வெறும் பாறைதான்," என்று மண்டியிட்டுப் பொந்துக்குள் கையை விட்டார்.

பாறை இல்லை.

காற்று இருந்தது. ஈரமாக, பனிபோல்.

முழங்கைவரை விட்டார். தோள்வரை விட்டார்.

ஒரு கை அவர் கையைப் பிடித்தது.

அந்தக் கையில் விரல்கள் குறைவாக இருந்தன.

அவர் கத்துவதற்கு வாயைத் திறந்தபோது முழங்கால் சேற்றில் பதிந்திருந்தது. தலைக்கு மேல் சாம்பல் நிற வானம். எதிரே செங்கல் சுவர், அதில் அந்தப் பொந்து. பொந்துக்கு அந்தப்புறம் விளக்கு வெளிச்சமும் வெள்ளை கவுனும் தெரிந்தன.

உள்ளே ஒரு மனிதர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தார்.

அவருடைய சட்டை. அவருடைய கண்ணாடி. அவருடைய முகம்.

அந்த மனிதர் கீழே கிடந்த பிஸ்கட்டை இரண்டு கையாலும் ஏந்தி, கண்ணை மூடி, துணுக்கு விடாமல் தின்றார். பிறகு ரஞ்சனைப் பார்த்துக் கும்பிட்டார். "மன்னிச்சிடுங்க மாப்பிள்ளை." ஸ்ரீனிவாஸிடம் திரும்பினார். "நீ சாப்பிட்டியாப்பா?" ஸ்ரீனிவாஸ் வாயைப் பிளந்தான்.

"ரக்ஷி! அது நான் இல்லடி!" என்று அனந்தகிருஷ்ணன் அலறினார்.

யாரும் திரும்பவில்லை.

ரக்ஷிதா அந்த மனிதரின் கையைப் பற்றிக்கொண்டாள். "டாடி, கை ஏன் இவ்ளோ ஜில்லுனு இருக்கு?" பிறகு அவர் தோளில் சாய்ந்து விசும்பினாள். "இந்த அப்பாவத்தான் நான் கேட்டேன்."

அனந்தகிருஷ்ணன் பொந்தில் கையை விட்டார். இப்போது அது நுழையவில்லை.

"மேஸ்திரி, இத அடைச்சிடுப்பா," என்றார் உள்ளே இருந்தவர், மெதுவாக. "வெளியே நிக்கிறவங்க வெளியேதான் நிக்கணும்."

"ஹவ் சார், அடைச்சுடறேன்," என்று இர்பான் முதல் செங்கல்லை எடுத்தான்.

பின்னாலிருந்து யாரோ அனந்தகிருஷ்ணனின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பிப் பார்த்தார். போர்த்திய உருவங்கள் மேட்டிலிருந்து கடல்வரை வரிசையாக நின்றன. ஆயுளில் எந்த வரிசையிலும் நிற்காத மனிதர். அவர்கள் அவரை ஏற இறங்கப் பார்த்தார்கள், அவர் எல்லோரையும் பார்த்த அதே பார்வை. பிறகு வரிசையின் கடைசியைக் காட்டினார்கள்.

கல்யாணம் அமர்க்களமாக நடந்தது. பெண்ணின் அப்பாவைப் போல் தங்கமான மனிதர் உண்டா என்று ரஞ்சன் வீட்டார் பேசிப் பேசி மாய்ந்தார்கள். பந்தியில் அவர் எதையும் மிச்சம் வைக்கவில்லையாம். பழைய அனந்தகிருஷ்ணனை யாரும் தேடவில்லை. தேடும்படி அவர் என்ன செய்துவிட்டார்?

தெற்குச் சுவரில் அந்தப் பூச்சு மட்டும் இந்த வெயிலிலும் காயவில்லை. இர்பான் கொத்திவிட்டுப் பூசினால் மறுபடியும் ஈரம் கசிகிறது, ஓரத்தில் உப்பு பூக்கிறது. முதலில் அந்த ஈரம் உள்ளங்கை பதித்த வடிவில், ஐந்து விரலும் முழுசாக இருந்தது.

நேற்று ஸ்ரீனிவாஸ் பார்த்தபோது நான்கு விரல்கள்தான் இருந்தன.